கோல் விழாத அணிக்காக முறையாகச் சண்டை போடுவது எப்படி

2019 நவம்பர் 25. நேரு விளையாட்டரங்கில் நம் சென்னையின் எஃப்.சி.க்கும் ஹைதராபாத் எஃப்.சி.க்கும் கால்பந்து ஆட்டம். அந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் அதுவரை நான்கு ஆட்டங்கள் ஆடிவிட்டோம். ஒரு கோல்கூட விழவில்லை. ஐந்தாவது ஆட்டமும் 90 நிமிடம் முடிந்தபோது 0-0. என் மைத்துனர் எழுந்துவிட்டார். "இந்தப் பயிற்சியாளர் இருக்கிற வரையில் கோல் என்பதைக் கனவில்தான் பார்க்க வேண்டும். நான் போய் வண்டியை எடுக்கிறேன், நீங்கள் மெதுவாக வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று கோல்கள். நமக்காக ஷெம்ப்ரி ஒன்று போட்டார். அடித்த கைதட்டல் ஓய்வதற்குள் ஹைதராபாத்தின் கில்கேலன் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். கடைசி மூச்சில் வால்ஸ்கிஸ் ஒன்று. 2-1. நான் தொண்டை கட்டிப்போய் வெளியே வந்தால், மைத்துனர் வண்டியில் உட்கார்ந்தபடி கேட்கிறார்: "மூன்று முறை சத்தம் கேட்டதே, 3-0 தானே?" நடுவில் கேட்ட சத்தம் வயிற்றில் அடித்துக்கொண்ட சத்தம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அதற்காக அவர் வாயை மூடவும் இல்லை. புளியந்தோப்பு வரும்வரை, ஒரு கோலையும் கண்ணால் பார்க்காமலே, அணியின் தாக்குதல் ஏன் சரியில்லை என்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார்.

அன்று இரவுதான் இதற்கு ஒரு முறை வேண்டும் என்று தோன்றியது. நான் பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். பந்து விளையாடியது பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் கணக்கு இடித்தால் என்ன செய்வது என்பது தெரியும். மாத முடிவில் பணம் குறைந்தால் முதலில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனைப் பிடித்து உலுக்குவது முதலாளியின் வழக்கம். கணக்கு எழுதுகிறவன் அப்படிச் செய்ய மாட்டான். சரக்கு வந்ததா, பில் போட்டதா, பணம் வந்ததா, பாங்கில் கட்டியதா என்று ஒவ்வொரு சீட்டாகப் பின்னோக்கிப் போவான். எங்கே இடிக்கிறதோ அங்கேதான் ஆளைத் தேடுவான். கோல் வராத அணிக்கும் இதே வழிதான். கோல் போடாத முன்கள வீரர் என்பவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். பணம் அங்கே குறைவதாகத் தெரியும். பெரும்பாலும் குறைந்தது வேறெங்கோ இருக்கும்.

முதலில் எங்கே உட்காருவது என்று பாருங்கள். நேரு விளையாட்டரங்கில் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயப் பாதை இருக்கிறது. அதனால் பார்வையாளருக்கும் புல்லுக்கும் நடுவே நல்ல இடைவெளி. கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் பாட்டும் கொட்டும் அருமையாக இருக்கும். ஆனால் எதிர்ப்பக்கத்தில் நடக்கும் தாக்குதல் முழுவதும் தட்டையாகத் தெரியும். பந்துக்கும் தற்காப்பு வீரருக்கும் இடையே இரண்டடியா இருபதடியா என்று சொல்லவே முடியாது. வாதம் செய்யும் எண்ணம் இருந்தால் பக்கவாட்டில், நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்தவரை உயரத்தில் இடம் பிடியுங்கள். கொண்டாடும் எண்ணம் இருந்தால் கம்பத்துக்குப் பின்னால் போங்கள். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் செய்ய முடியாது. நான் செய்து பார்த்துத் தோற்றவன்.

அடுத்து ஒரு நோட்டு. நான் வைத்திருப்பது கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ஓர் ஆட்டத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தின் நடுவில் எதிரணியின் பெனால்டி பகுதியை ஒரு பெரிய பெட்டியாகவும், அதற்குள் கோல் கம்பத்தை ஒட்டி ஒரு சின்னப் பெட்டியாகவும் வரைந்துகொள்கிறேன். நம் ஆள் காலால் கோலை நோக்கி அடித்தால் அடித்த இடத்தில் ஒரு புள்ளி. தலையால் முட்டினால் ஒரு பெருக்கல் குறி. கோல் கம்பங்களுக்கு நடுவே போனால், அதாவது கோல்கீப்பர் தடுத்தே ஆக வேண்டிய பந்தாக இருந்தால், அதைச் சுற்றி ஒரு வட்டம். கோல் விழுந்தால் அந்த வட்டத்தைக் கறுப்பாக்கிவிடுவேன். கார்னர், ஃப்ரீ கிக் வழியாக வந்ததென்றால் பக்கத்தில் 'நி' என்று ஓர் எழுத்து. நின்ற பந்து என்பதன் சுருக்கம். ஓரத்தில், பெட்டிக்குள் நம் ஆள் காலில் பந்து வந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு, பால்காரர் கணக்கு மாதிரி.

அவ்வளவுதான். இதற்கு மேல் எழுத ஆசைப்படாதீர்கள். முதல் மாதம் நான் பாஸ் எண்ணினேன், பந்து யாரிடம் எத்தனை நிமிடம் இருந்தது என்று பார்த்தேன், ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் தூக்கிப் போடும் கிராஸ் எண்ணினேன். முடிவில் ஆட்டமும் பார்க்கவில்லை, கணக்கும் சரியில்லை. அதிலும் பந்து யார் வசம் இருந்தது என்ற சதவீதத்தைத் தொலைக்காட்சியில் பெரிதாகக் காட்டுவார்கள். அதைத் தொடாதீர்கள். இரண்டு தற்காப்பு வீரர்கள் நம் கோலுக்கு முன்னால் நின்று பல்லாங்குழி ஆடுவது போல மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருந்தாலும் அந்தச் சதவீதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

ஐந்து ஆட்டங்களின் பக்கங்கள் சேர்ந்த பிறகு நோட்டைத் திறந்து அருகருகே வைத்துப் பாருங்கள். அதற்கு முன் வாயைத் திறக்க வேண்டாம். ஒரே ஆட்டத்தை வைத்து வாதம் செய்பவன் ஒருநாள் வசூலை வைத்துக் கடையை மூடுகிறவன்.

இப்போது எங்கே இடிக்கிறது என்று தேடலாம். ஓரத்தில் உள்ள கோடுகளே குறைவு, புள்ளிகளும் குறைவு என்றால் பந்து எதிரணியின் பெட்டிக்குப் போய்ச் சேரவே இல்லை. இங்கே ஸ்டிரைக்கரை, அதாவது கோல் போட வேண்டிய முன்கள வீரரைத் திட்டுவது பாவம். சரக்கே வரவில்லை, விற்கவில்லை என்று அவனைக் கேட்டு என்ன பயன்? நடுக்களத்தைப் பாருங்கள், பின்வரிசையிலிருந்து பந்தை முன்னே கொண்டுவரும் ஆள் யார், எதிரணி அவரை எப்படி அடைக்கிறது என்று பாருங்கள். கோடுகள் நிறைய, புள்ளிகள் குறைவு என்றால் உள்ளே போகிறார்கள், ஆனால் அடிக்க வழி கிடைக்கவில்லை. கடைசி பாஸ் கொடுக்கத் தெரிந்த ஆள் இல்லை, அல்லது பெட்டிக்குள் போதிய ஆட்கள் வந்து சேர்வதில்லை. புள்ளிகள் நிறைய, ஆனால் எல்லாம் பெட்டிக்கு வெளியே என்றால் பொறுமையில்லை அல்லது திட்டமில்லை. தொலைவிலிருந்து இருபத்தைந்து, முப்பது பந்து அடித்தால் ஒன்று உள்ளே போகும். அந்த ஒன்றைத்தான் ஆண்டு முழுக்கக் காட்டுவார்கள், நாமும் "அடி, அடி" என்று கத்துவோம். புள்ளிகள் பெட்டிக்குள், கம்பத்துக்கு நேரே, ஆனால் கறுப்பு வட்டம் மட்டும் இல்லை என்றால்தான் முன்கள வீரரிடம் போக வேண்டும். அங்கேயும் உடனே போகக் கூடாது. அது ஏன் என்பதை என் தவறைச் சொன்னால்தான் விளக்க முடியும்.

2020-21 சீசன். கொரோனாவால் எல்லா ஆட்டங்களும் கோவாவில், ஆளில்லாத அரங்கில். நான் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் நோட்டோடு உட்கார்ந்தேன். அந்த ஆண்டு நம் அணி 20 ஆட்டங்களில் போட்ட கோல்கள் 17. வென்றது 3, தோற்றது 6, மீதி 11 ஆட்டங்கள் டிரா. வாங்கிய கோல்கள் 23. தற்காப்பைக் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. முழுக்க முழுக்கத் தாக்குதல் பஞ்சம். என் நோட்டில் பெட்டிக்குள் புள்ளிகள் இருந்தன. அவற்றில் பலவற்றுக்குப் பக்கத்தில் 'சா' என்று எழுதியிருந்தேன். லாலியன்சுவாலா சாங்தே. இடது ஓரத்தில் மின்னல் மாதிரி கிளம்புவார், ஆளைத் தாண்டுவார், கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்பார், பந்து எங்கேயோ போகும். என் மனைவி அடுக்களையிலிருந்தே, நான் போடும் சத்தத்தை வைத்து, "சாங்தேவா?" என்று கேட்பாள்.

இந்தப் பையனை விற்றுவிட்டு வேறு ஆளைப் பார்க்க வேண்டும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2022 ஜனவரியில் அவர் மும்பை சிட்டிக்குப் போனார். 2022-23 சீசனில் அங்கே 10 கோல்கள் போட்டு, லீக்கின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தை வாங்கினார். மைத்துனர் அந்தச் செய்தியை என் கைபேசிக்கு அனுப்பிவிட்டு, வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை. அது வசவைவிட மோசம்.

நான் எங்கே தவறினேன் என்று பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். புள்ளிகள் எல்லாம் இருக்கத்தான் செய்தன. நான் கறுப்பாகாத வட்டங்களை மட்டும் பார்த்தேனே தவிர, அத்தனை புள்ளிகளும் அந்த இடத்தில் எப்படி வந்தன என்று கேட்கவில்லை. கோலுக்கு நேரே பத்துமுறை போய்ப் பத்துமுறை தவறவிடுகிறவன், ஒருமுறை போய் ஒன்றைப் போடுகிறவனைவிட நாளைக்கு அதிகம் தருவான். போய்ச் சேர்வதுதான் அரிய வேலை. முடிப்பது கூடவும் குறையவும் செய்யும். இதைத்தான் இப்போது எக்ஸ்ஜி, எதிர்பார்க்கப்படும் கோல், என்று சொல்கிறார்கள். ஒவ்வோர் அடிக்கும், அதே மாதிரி இடத்திலிருந்து அடித்த பழைய பந்துகளில் எத்தனை கோலானது என்று பார்த்து ஒரு மதிப்புப் போடுகிறார்கள். பெனால்டி என்றால் நான்கில் மூன்றுக்குச் சற்று மேல். அதே தூரத்தில் காலால் அடிப்பதற்கு இருக்கும் மதிப்பு தலையால் முட்டுவதற்குக் கிடையாது. எல்லா அடிகளையும் ஒன்றாகப் போட்டால் பத்தில் ஒன்று கோலாகும், தோராயமாக.

எக்ஸ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு வாதத்துக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓர் ஆட்டத்தின் எக்ஸ்ஜியைச் சொல்லி "உண்மையில் நாம்தான் ஜெயித்தோம்" என்று சொல்லாதீர்கள். அதைவிட எரிச்சலூட்டும் பேச்சு கால்பந்தில் இல்லை. கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு, "இலையில் இடம் இருந்தது, நான் இன்னும் சாப்பிட்டிருக்கலாம்" என்பது போல.

நின்ற பந்தில் வந்ததற்கு 'நி' என்று தனியாகக் குறிக்கிறேன் என்றேன் அல்லவா. அதற்கும் காரணம் உண்டு. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா அரங்கில் பெங்களூரு எஃப்.சி.யோடு ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். அவர்களுடைய சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே போட்டுவிட்டார். பிறகு நம் தற்காப்பு வீரர் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர்களில் எழும்பி இரண்டு முட்டு முட்டினார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. 3-2, கோப்பை நமக்கு. மூன்றில் இரண்டு கோல்களைப் போட்டவர் தற்காப்பு வீரர். இரண்டும் நின்ற பந்து. அந்த இரவில் யாரும் "ஓட்டத்தில் கோல் வரவில்லையே" என்று அழவில்லை. நானும் அழவில்லை. ஆனால் அடுத்த சீசனில், 2018-19இல், அதே பயிற்சியாளர் ஜான் கிரிகரியின் கீழ் 18 ஆட்டங்களில் 16 கோல்கள், 2 வெற்றிகள், 9 புள்ளிகள், பட்டியலில் கடைசி. வசூல் எந்தக் கணக்கில் வருகிறது என்று நல்ல மாதத்திலேயே பிரித்து எழுதி வைத்திருந்தால் கெட்ட மாதத்தில் அவ்வளவு திகைத்திருக்க மாட்டோம்.

இனி பயிற்சியாளர் பற்றிய சண்டை. இதில்தான் அதிகம் பேர் கழுத்து நரம்பு புடைக்கப் பேசுகிறார்கள். இதில்தான் அதிகம் பேர் தவறாகவும் பேசுகிறார்கள்.

மறுபடியும் 2019-20க்கு வருகிறேன். ஹைதராபாத் ஆட்டத்துக்குப் பிறகு இன்னோர் ஆட்டம் ஆடி, ஒடிசாவோடு 2-2. அத்தோடு கிரிகரி விலகினார். டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். அதே ஆட்கள், அதே சட்டை. லீக் முடிந்தபோது 32 கோல்கள், நான்காம் இடம். அரையிறுதியில் கோவாவைச் சென்னையில் 4-1 என்று அடித்து, அங்கே போய் 2-4 என்று தோற்று, மொத்தத்தில் 6-5. இறுதியில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 1-3. நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்களோடு, அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணி வாங்கினார். இதைவிடத் தெளிவான சாட்சி உண்டா என்பார் மைத்துனர். பயிற்சியாளரை மாற்றினோம், கோல் மழை பெய்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா இது, இல்லை காக்கை உண்மையிலேயே கொத்தித்தான் விழுந்ததா? இதைக் கேட்காமல் பயிற்சியாளரைப் பற்றிப் பேசக் கூடாது. கேட்பதற்கு மூன்று இடம் உண்டு.

ஆட்ட அட்டவணையைப் பாருங்கள். நாம் கோல் போடாத அந்த முதல் நான்கு ஆட்டங்கள் யாரோடு? கோவா, மும்பை, ஏ.டி.கே., பெங்களூரு. சீசன் முடிவில் கோவா முதலிடம், ஏ.டி.கே. இரண்டாமிடம், பெங்களூரு மூன்றாமிடம், மும்பை ஐந்தாமிடம். நான்காமிடம் நாம். அதாவது லீக்கின் மேல்தட்டு முழுவதையும் ஒரே வரிசையில் எடுத்த எடுப்பிலேயே சந்தித்துவிட்டோம். இதை நான் அடுத்த ஏப்ரலில், ஊரடங்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன். நவம்பரில் கவனித்திருந்தால் கொஞ்சம் தொண்டையாவது மிச்சமாயிருக்கும்.

இரண்டாவது, மாறியது என்ன என்று நோட்டில் தேடுங்கள். மாறாமல் கோல் மட்டும் கூடியிருந்தால் அது அதிர்ஷ்டம் திரும்பியது. என் நோட்டில் டிசம்பருக்குப் பிறகு புள்ளிகள் வெளியிலிருந்து பெட்டிக்குள் நகர்ந்திருந்தன. பந்து உள்ளே வரும்போது நம் சட்டைகள் கூடுதலாக நின்றன. ரஃபேல் கிரிவெல்லாரோ ஸ்டிரைக்கருக்குப் பின்னால் தன்பாட்டுக்கு உலாவ விடப்பட்டார். அவர் பந்தைத் தொட்டதும் வால்ஸ்கிஸ் ஓடத் தொடங்கிவிடுவார். ஆகவே கோய்லுக்கு வரவு வைக்கத்தான் வேண்டும். அட்டவணைக்கும் கொஞ்சம் வரவு வையுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வாதத்தில் சுவை குறையும்தான், என்ன செய்வது.

மூன்றாவது இடம் என்னுடையதல்ல. எங்கள் வரிசையில் வியாசர்பாடிப் பெரியவர் ஒருவர் உட்காருவார். வடசென்னைத் திடல்களில் நாற்பது வருடம் ஆடியும் ஆட்டுவித்தும் பழகியவர். நோட்டு, புள்ளி எதுவும் அவருக்குக் கிடையாது. ஒருநாள் நான் குறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, பந்தைப் பார்க்காதே. அடுத்த பத்து நிமிடம் நம் ஒன்பதாம் நம்பரை மட்டும் பார்" என்றார். ஒன்பதாம் நம்பர் என்றால் நடுவில் ஆடும் ஸ்டிரைக்கர். பார்த்தேன். நம் ஆள் ஓரத்தில் பந்தோடு போகிறான், ஒன்பதாம் நம்பர் கம்பத்தை நோக்கிப் பாய்கிறான், போய் நின்றுவிடுகிறான், அப்புறம்தான் ஓரத்து ஆள் தலையைத் தூக்குகிறான். பந்து வரும்போது இவன் சிலை மாதிரி நிற்கிறான், முதுகில் தற்காப்பு வீரன். மறுமுறையும் அதேதான். "ஓட்டமெல்லாம் ஓடி முடித்துவிட்டு உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான் பார்" என்றார் பெரியவர். "இது அவன் தப்பில்லை, கிராஸ் போடுகிறவன் தப்பும் இல்லை. பயிற்சியில் இரண்டு பேரையும் சேர்த்து நிற்க வைத்து நூறு முறை ஆட வைக்கவில்லை. அது வாத்தியார் தப்பு." என் நோட்டில் இது 'புள்ளி இல்லை' என்று மட்டும்தான் இருந்தது. ஆகவே ஆட்டத்துக்குப் பத்து நிமிடமாவது பேனாவை மூடிவிட்டு ஒரே ஆளைப் பாருங்கள். அப்படிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுங்கள்.

பயிற்சியாளருக்கு மேலே நிர்வாகம். நம் ஊர் வாதத்தில் இவர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள். ஆடுகள ஓரத்து டக்கவுட்டில் நிற்கும் பயிற்சியாளர் முகம் தெரிகிறது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் முகம் தெரிவதில்லை. 2020இல் கோய்ல் ஜம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். ஒருவர் மட்டும் 15 கோல் போட்ட சீசனுக்கு அடுத்த சீசனில் மொத்த அணியும் சேர்ந்து போட்டது 17. அந்தப் பதினேழுக்காகப் புதுப் பயிற்சியாளர் சாபா லாஸ்லோவை எவ்வளவு திட்டினோம்! கிரிவெல்லாரோவும் சீசனின் நடுவே கணுக்கால் காயத்தோடு போய்விட்டார். பந்து கொடுப்பவரும் இல்லை, வாங்கி அடிப்பவரும் இல்லை. இது சமையற்காரர் குற்றமா, அரிசி வாங்கியவர் குற்றமா?

ஆனால் நிர்வாகத்தைத் திட்டும்போதும் கணக்கோடு திட்டுங்கள். முடிவை, அதை எடுத்த நாளில் அவர்களுக்குத் தெரிந்ததை வைத்து எடை போட வேண்டும். வீரர் ஒப்பந்தம் முடிந்து, தன்னை வளர்த்த பயிற்சியாளர் பின்னால் போக விரும்பினால் கயிறு போட்டுக் கட்ட முடியாது. லீக்கில் ஊதிய வரம்பு உண்டு. இஷ்டத்துக்கு அள்ளி வீச முடியாது. கேட்க வேண்டிய கேள்வி "ஏன் விட்டீர்கள்?" என்பதல்ல. "அவர் போவார் என்று எப்போது தெரிந்தது, அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு யாரைத் தேடினீர்கள், காயமானவருக்கு மாற்று ஜனவரியில் வந்தாரா?" இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் செய்தித்தாளில் தேதியோடு விடை கிடைக்கும்.

வெளிநாட்டு வீரர் இடங்களையும் எண்ணுங்கள். 2020-21 வரை களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து வெளிநாட்டவர் இருக்கலாம். அடுத்த சீசனிலிருந்து நான்கு. இந்த நான்கு, ஐந்து இடங்களை நிர்வாகம் எங்கே செலவு செய்கிறது என்று பார்த்தாலே அணியின் மனசு தெரியும். தற்காப்பில் இரண்டு, நடுவில் ஒன்று வைத்துவிட்டால் முன்னால் மிச்சம் இருப்பதைக் கொண்டுதான் கோல் போட வேண்டும். லீக் முழுவதும் ஒன்பதாம் நம்பர் இடத்தை வெளிநாட்டவருக்கே கொடுத்துப் பழகிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வளர வேண்டிய நம் பையன்கள் ஓரத்துக்கோ பெஞ்சுக்கோ போகிறார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் ஒரு கிளப்பைத் தனியாகப் பிடித்து இதைக் கேட்பது நியாயமில்லை என்பதும் தெரியும்.

ஐரோப்பிய லீக்குகளைப் பார்த்துப் பழகியவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2018-19இல் கடைசியில் வந்தோமே, இங்கிலாந்தில் என்றால் அடுத்த ஆண்டு கீழ்ப்பிரிவில் ஆட வேண்டும். அந்தப் பயத்தில் அங்கே டிசம்பரிலேயே பயிற்சியாளர் பெட்டியைக் கட்டுவார். அந்த சீசன் ஐ.எஸ்.எல்.லில் கீழே இறக்குவது கிடையாது. அதனால் நிர்வாகம் பொறுத்துக்கொள்ளவும் முடியும், தூங்கிவிடவும் முடியும். எது என்பதைப் பொறுத்துக்கொண்ட காலத்தில் என்ன செய்தார்கள் என்பதை வைத்துச் சொல்லுங்கள். கடைசியில் வந்த அதே அணி அந்த ஏப்ரலில் சூப்பர் கோப்பை இறுதி வரை போனது, கோவாவிடம் 1-2.

இவ்வளவும் படித்துவிட்டு, கோல் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2020-21இல் 17 கோல்: எட்டாம் இடம். 2022-23இல் தாமஸ் பிரடாரிச் பயிற்சியில் 36 கோல். எல் கயாத்தி 12 ஆட்டங்களில் 9 போட்டார். இடம்? எட்டு. வாங்கியது 37. முன்னால் ஆட்களை ஏற்றினால் பின்னால் கதவு திறந்துதான் கிடக்கும். அந்த 36இலும் 7 கோல்கள் ஒரே ஆட்டத்தில், நார்த் ஈஸ்ட் யுனைடெட்டை 7-3 என்று அடித்தபோது வந்தவை. தீபாவளி வசூலைச் சேர்த்து மாதச் சராசரி போடுகிற கணக்குப்பிள்ளையை எங்கள் முதலாளி ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்.

சண்டைக்கு என்று சில ஒழுங்குகள். கடைசி விசில் அடித்த இரவு பேசாதீர்கள். மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரே குற்றச்சாட்டு. பயிற்சியாளர், ஸ்டிரைக்கர், முதலாளி, நடுவர், புல்தரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திட்டுகிறவருக்குப் பதில் சொல்லப் புகுந்தால் விடிந்துவிடும். எதிராளி கேட்டால் நோட்டைக் காட்டுங்கள், உங்களுக்குப் பாதகமான பக்கத்தையும் சேர்த்து. முக்கியமாக, தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள்: என்ன நடந்தால் நான் தவறு என்று ஒப்புக்கொள்வேன்? "அடுத்த ஐந்து ஆட்டத்தில் பெட்டிக்குள் புள்ளிகள் கூடினால் பயிற்சியாளரை விட்டுவிடுகிறேன்" என்பது போல. எழுதாவிட்டால் அடுத்த மாதம் இருவருமே "நான் அப்போதே சொன்னேன்" என்போம்.

நானும் மைத்துனரும் இப்படித்தான் இப்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். தோற்றவர் இரண்டு சமோசாவும் தேநீரும். வால்ஸ்கிஸ் 2022 ஜனவரியில் திரும்பி வந்தபோது, பழைய கோல் மழை வரும் என்று எழுதிக் கொடுத்தவன் நான்; வரவில்லை, கட்டினேன். சாங்தே விஷயத்தில் எழுதி வைக்காததால் மைத்துனர் சமோசா கேட்க வழியில்லாமல் போய்விட்டது. அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். ஆனால் முதல் பந்தயம், 2019இல் போட்டது, "பயிற்சியாளர் மாறும்வரை ஒரு கோலும் கிடையாது" என்பது. அதை ஷெம்ப்ரி அன்றே தீர்த்துவிட்டார். மைத்துனர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். அந்தக் கோல்களைத் தான் பார்க்கவில்லையாம், வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தாராம். நோட்டில் அவர் பெயருக்கு நேரே 'வர வேண்டியது: சமோசா 2' என்று இன்னும் நிற்கிறது.